பூரணம் திருப்பிக் கொடுத்த பசு

என் தங்கை பூரணம் வென்றெடுத்தவை: தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று கழித்த இரண்டு கிலோவை ஒன்றாக்கியது, மகளின் பிறப்புச் சான்றிதழில் இருந்த பிழையை, மூன்று தடவை பதுளைக்கு அலைந்து திருத்தியது, தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சிற்றம்பலத்திடமே பசுவைத் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவதை எங்கள் லயத்து வீடுகளில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதால், நடந்ததை எழுதுகிறேன்.

1998 ஜூனில், ஓய்வு பெற்றுப் பண்டாரவளைக்குக் குடிபோகவிருந்த கிளாக்கர் தன் பசுவை விற்றார். ஐந்து மாதச் சினை, ஒக்டோபரில் கன்று போடும் என்றார். ஜனவரியில் சினை ஊசி போட்டபோது மிருக வைத்தியர் கொடுத்த அட்டையையும் தந்தார். பூரணம் காதுத்தோட்டை விற்று வாங்கினாள். ‘பார்த்து வாங்கினேன்’ என்று அவர் எழுதிய தாளில் கைநாட்டும் வைத்தாள்.

செப்டெம்பர் வந்தும் மடி இறங்கவில்லை. வைத்தியரை அழைத்தோம். ஊசி பிடிக்கவேயில்லை என்று சொல்லி, அதையே அட்டையில் எழுதினார். ஊசி போட்டாலே சினைதான் என்று கிளாக்கரும் நம்பியிருந்தார், நாங்களும் நம்பியிருந்தோம்.

“பசுவுக்கு வளகாப்பு எப்பங்க?” என்று லயத்தில் கேலி செய்தார்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கந்தப்பன், வைத்தியர் எழுதியதை அழித்துவிட்டு, அதே அட்டையோடு ஹல்துமுல்லையில் விற்றுவிடச் சொன்னான்.

“அவரு தெரியாம சொன்னாரு. நான் தெரிஞ்சே சொன்னா அது களவு” என்றாள் பூரணம். பெரிய கிளாக்கரோடு மோதாதே என்று நானும் தடுத்தேன். கேட்காமல், பசுவையும் ஓட்டிக்கொண்டு, வழக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போனாள்.

அங்கே கிளாக்கர் தாளை நீட்டினார். “நான் பொய் சொல்லேல்லை. பார்த்துத்தானே வாங்கினனீ? உன்ர கைநாட்டு இருக்கு.”

“நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லலைங்கய்யா. நீங்களும் ஏமாந்துட்டீங்க. ஆனா சினைன்னு நீங்க சொன்னதாலதான் வாங்குனேன். வயித்துக்குள்ள இருக்கிறத எப்படிங்க பார்த்து வாங்குறது?”

கிளாக்கர் பாதிக் காசு தருவதாகச் சொன்னார். அவள் பசுவின் கயிற்றை நீட்டியபடியே நின்றாள். மத்தியஸ்தர்கள் அட்டையைப் பார்த்தார்கள். சினையில்லை என்று தெரிந்திருந்தால் இதே விலை கேட்டிருப்பீர்களா என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். கிளாக்கர் நீட்டிய தாளை மடித்து வைத்துவிட்டு, பசுவை எடுத்துக்கொண்டு முழுக் காசையும் தர ஒத்துக்கொண்டார்.

உடன்பாட்டை எழுத மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாத தாளில் இனி விரல் வைக்கமாட்டேன் என்று சொல்லி, அந்த மூன்று வாரமும் மகளின் பள்ளிக்கூடக் கொப்பியோடு உட்கார்ந்து எழுத்துப் பழகினாள். குறித்த நாளில் மத்தியஸ்தர்கள் உடன்பாட்டுத் தாளை வாசிக்க, அவளும் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பூரணம் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 1998 நவம்பர் 14, சனிக்கிழமை.