அண்ணனின் மோட்டார்

பசிபிக் கடலின் கிரிபாட்டி நாட்டில் எங்கள் தீவுக்கு ஒன்பது மாதமாக மழை இல்லை. ஊர்க் கிணறுகளில் டப்பா போன்ற ஒரு கருவியை முக்கி உப்பை அளந்து சொல்வது தெரேத்தியாவின் வேலை. மண்ணுக்கடியில் கடல்நீரின் மேல் மெல்லிசாக நிற்கும் நல்ல தண்ணீரை வேகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். அவளுடைய அண்ணன் யோத்தேபாவோ தன் சுற்றுலா விடுதிக்காகக் கிணற்றில் நாள் முழுக்க மோட்டார் ஓட்டினான்.

ஊர் மண்டபத்தில் எல்லார் முன்பும் அவள் கேட்டாள். "மோட்டார நிறுத்துண்ணே. எல்லாரும் வாளியால இறைப்போம்."

"கிணறு என் நிலத்துல இருக்கு. உன் டப்பாவ உன் கிணத்துல முக்கிப் பாரு."

"கிணறுதான் உன்னுது. அடியில தண்ணி ஒண்ணுதானே?"

சிலர் சிரித்தார்கள். பெரியவர்கள் அடுத்த பேச்சுக்குப் போனார்கள். போன வாரம்தான் யோத்தேபா அவர்களுக்குப் பன்றி அடித்து விருந்து வைத்திருந்தான்.

மறுநாள் அவளே போய் மோட்டார்க் குழாயைப் பிடுங்கிப் போட்டாள். அவன் திரும்ப மாட்டி, கிணற்றைச் சுற்றி வேலியும் போட்டான். தண்ணீர் ஊறும் வரை தோண்டிக் கிழங்கு நட்ட குழிகளிலும் உப்பு ஏறி, செடிகள் மஞ்சளாகி அழுகின.

பத்து நாளில் மோட்டாரிலும் உப்புத் தண்ணீர்தான் வந்தது. யோத்தேபா காலி வாளியோடு தங்கை வீட்டுக்கு வந்தான்.

"பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் குடு, தங்கச்சி."

"என் கிணறு நேத்தே போச்சுண்ணே."

அவனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. இருவரும் இளநீர் தேடித் தோப்புக்கு நடந்தார்கள். அங்கே இளநீராகும் முன்பே குரும்பைகள் உதிர்ந்து கிடந்தன.