மாலத்தீவில் ஒரு தேவதானத்து இங்கிலீஷ் மிஸ்

உள்ளூரில் இருக்கிறவரை இங்கிலீஷ் டீச்சர் பேசுவதுதான் இங்கிலீஷ். கடலைத் தாண்டினால்தான் வினை ஆரம்பம். பெட்டியும் பிள்ளையுமாக வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் முழித்த அக்கா தங்கச்சிமாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தேவதானத்தில் தமிழ் மீடியம் படித்தவள். தபாலில் பி.ஏ. முடித்து, ராஜபாளையத்தில் குடியிருந்து ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாலத்தீவில், ஒரு பொடித் தீவுப் பள்ளியில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பரீட்சைக் காலம். கல்வி அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்த்துச் சரி என்றால் இரண்டு வருஷம். இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். என் வீட்டுக்காரர் மில்லில் மூன்று மாத லீவு போட்டுவிட்டு, இரண்டு வயது மகள் செல்வியைப் பார்த்துக்கொள்ள என்னோடு கிளம்பினார். எங்கள் தெருவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாலை போட்டு வழியனுப்பியது. மூன்றே மாதத்தில் அதே பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்! அந்தத் தீவுக்காரர்களோடு பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் பெயர்

தோணியை விட்டு இறங்கியதும் தீவு ஆபீசில் பெயர் பதியவேண்டும். இவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல், கரையில் ட்ரங்குப் பெட்டி மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தார். நான் மட்டும் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். கிளார்க் என் பெயரை எழுதிக்கொண்டு, "வீட்டுக்காரர் பெயர்?" என்றார். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லலாமா? பி.ஏ. படித்தால் என்ன, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டில் ஐந்து வருஷம் பழகிய வாய் அல்லவா!

ஊரில் என்றால் ஜாடை சொன்னால் போதும். அதே நினைப்பில், "மலை மேல் கோயில் இருக்கே, பக்கத்தில் அருவிகூட விழுமே, அந்தச் சாமி பெயர்" என்றேன். பாவம், அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து மலையையும் பார்த்ததில்லை, அருவியையும் பார்த்ததில்லை. எழுதிக் காட்டிவிடலாம் என்று பேனாவுக்குக் கையை நீட்டினேன். அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, ரொம்ப இரக்கமாகச் சொன்னார்: "அவசரமில்லை மேடம். ஞாபகம் வந்ததும் வந்து சொல்லுங்க."

பிள்ளையைக் காணோம்

மூன்றாம் நாள் காலையில் செல்வியைக் காணவில்லை. "ஏட்டி, நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் போறேன்" என்று இவர் கிழக்கே ஓடினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கத்திக்கொண்டே மேற்கே ஓடினேன். தீவே அம்புட்டுத்தான்! செத்த நேரத்தில் மறுகோடியில் ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டிக்கொண்டு நின்றோம்.

பிள்ளை அடுத்த வீட்டு ஆயிஷா வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தது. அங்கே யார் வீட்டுப் பிள்ளையையும் யாரும் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டுவார்களாம். கேட்கிற வழக்கமே கிடையாதாம். "நாங்கள் ஓடினது உங்க கண்ணில் படலையா?" என்று கேட்டேன். "பட்டுதே! ரெண்டு பேரும் உடம்பு இளைக்க ஓடுறீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஆயிஷா.

நாலு கட்டுரை

எனக்கு மனப்பாடமாக இருந்த கட்டுரை நாலு: பசு, நாய், ரயில், ஆறு. அந்தத் தீவில் நாலில் ஒன்றுகூட இல்லை. பசு பால் தரும் என்றால், பால் டின்னில்தானே வரும் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

சரி, நாயையாவது காப்பாற்றுவோம் என்று, எங்கள் ஊர் வெள்ளை நாயைக் கரும்பலகை நிறைய வரைந்தேன். ராஜபாளையத்துக்காரி நாயை விட்டுக்கொடுக்க முடியுமா? நாய் வளர்க்கிற வழக்கமே இல்லாத இடம். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்: "மிஸ், இம்புட்டுப் பெரிய பூனையை எப்படி மடியில வச்சுக்குவீங்க?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த வாரம் அதிகாரி வாராரு. பூனை, நாய் எல்லாம் வேண்டாம். பிள்ளைகளைத் தினமும் கண்ணால பாக்கிறதை எழுதச் சொல்லுங்க மிஸ்."

அதிகாரி வந்தார்

அப்படியே எழுதச் சொல்லிவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. நம் ஊர்ப் பழக்கப்படி 'எங்கள் தீவு' என்று ஒரு கட்டுரையைக் கோரஸாக ஒரு வாரம் ஓதவைத்தேன். அந்த அவசரத்தில் பிள்ளைகள் தாமாக எழுதிய நோட்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதிகாரி, சிரிக்காத மனுஷர். கோரஸ் இரண்டு வரி தாண்டவில்லை, கையைக் காட்டி நிறுத்தினார். "இதை எல்லாத் தீவுலயும் கேட்டாச்சு. நீங்களா எழுதினதை வாசிங்க." எனக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு கண் முன்னால் வந்து நின்றது.

அமீனா என்ற பத்து வயதுப் பிள்ளை எழுந்து இங்கிலீஷில் வாசித்தாள். "தினமும் காலையில் மிஸ்ஸின் வீட்டுக்காரர் கிணற்றடியில் சேலை துவைப்பார். சேலை மிக நீளம். ஒரு முனை அவரிடமும் மறு முனை தென்னை மரத்திடமும் இருக்கும். மிஸ் உள்ளேயிருந்து கத்துவார். அவர் 'வாரேன், வாரேன்' என்பார். வரமாட்டார்." பிள்ளைகளுக்குக் கடலும் மீனும் பழகிப்போனது, புதுசாக வேடிக்கை பார்க்க இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்! அவள் முடிக்குமுன்னே, "சார், நான் சார், அவர் தோசை சுட்டது சார்" என்று வகுப்பே கை தூக்கியது.

இந்த நேரம் பார்த்து இவர், செல்வியைத் தோளில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்து எட்டிப் பார்த்தார். "அவரா?" என்றார் அதிகாரி. "யெஸ் சார்!" என்று வகுப்பு மொத்தமும் கத்தியது. சிரிக்காத மனுஷர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். "பிள்ளைக நான் முந்தி நீ முந்தின்னு இங்கிலீஷ் பேசி இப்பத்தான் பாக்கேன். ரெண்டு வருஷம் இருங்க மேடம். அவரை மட்டும் ஊருக்கு அனுப்பிராதீங்க."

ஆகவே, வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் தேவை என்று விளம்பரம் கொடுக்கிறவர்கள், துணி துவைக்கத் தெரிந்த புருஷன் உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.