அண்ணனின் சர்வர் அறைக்குள் போனது நான்தான்

அண்ணன் இல்லாத முதல் வருடம் முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு பணிபுரிந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

"தம்பி, நீங்கதான் எழுதணும். ஒங்களுக்குத்தான் வாய் இருக்கு" என்று மதினி சொல்லிவிட்டார்கள். கல்யாண வீடு, காதுகுத்து எதுவானாலும் பந்தி முடிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாயை நம்பி மதினி பேனாவைக் கொடுத்தார்கள். நான்கு நாட்களாக முதல் வரியை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். துக்கம் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். எதற்குப் பயம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அண்ணன் ஆனைக்குட்டத்தில் பிறந்தார். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தார். மழை பொய்த்த பிறகு அப்பாவும் அம்மாவும் சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறித் தீக்குச்சி அடுக்கப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அண்ணன் ராணுவத்தில் சேர்ந்தார். அவர் ரயில் ஏறிய மறுநாளே நான் அவருடைய சைக்கிளில் ஏறினேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. அவர் உழைக்க, நான் ஓட்டுவது அன்றைக்குத் தொடங்கியது.

சிக்னல் பிரிவில் இருபது ஆண்டுகள். பனியிலும் மணலிலும் டெலிபோன் கம்பி இழுத்தவரைக் கடைசிச் சில ஆண்டுகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் கொண்டு வந்தார்கள்: பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேன். "யூனிபாரம், விசில் எல்லாம் அவுகளே குடுத்துருவாக மாப்ள" என்று ஒரு மாமா ஆசை காட்டினார்.

"இருவது வருசம் காவல் காத்தாச்சு மாமா. இனி வேற எதாச்சும் பாப்போம்" என்றார் அண்ணன்.

விருதுநகரில் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தார். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும், வாத்தியார் வந்துவிட்டார் என்று வகுப்பே எழுந்து நின்றதாம். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் கோர்ஸில் முதல் மதிப்பெண் வாங்கியது அவர்தான் என்பதை மதினி சொல்லித்தான் அறிந்தோம்.

நான் ஆர்டர் பிடிக்கும் வேலை பார்த்த சிவகாசிக் காலண்டர் அச்சகத்தில் அப்போதுதான் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, எல்லா டிசைனையும் சேமிக்கும் சர்வர் ஒன்றைத் தனி அறையில் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. முதலாளியிடம் பேசி அண்ணனைச் சேர்த்துவிட்டேன். என் வாழ்க்கையில் என் வாயால் விளைந்த ஒரே நல்ல காரியம் அது. ஆறு மாதம் பார்ப்போம் என்றார் முதலாளி. சரியாக வந்தால், அண்ணனோடு சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, கன்னிசேரிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றிருந்த நண்பருக்கும் காலண்டர் சீசன் முடிந்ததும் வேலை தருவதாகச் சொன்னார். அந்த நண்பர் வாராவாரம் லீவு நாளில் வந்து அண்ணனிடம் பாடம் கேட்டுப் போவார்.

அண்ணன் அந்த அறையை ஒரு முகாம் மாதிரி ஆக்கினார். செருப்பு வெளியே. உள்ளே போகிறவர் வாசலில் தொங்கும் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஒருமுறை 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'ஏசிக் காத்து வாங்க' என்று எழுதினேன். மூன்று நாள் என்னை உள்ளே விடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிலில் அன்று எல்லா மெஷினும் ஓய்வெடுக்க வேண்டும். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிய பிறகு மறுநாள்தான் ஓட்டுவோம். ஓடுகிற மெஷினுக்குப் பூசை கிடையாது. அண்ணன் அன்று காலை என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, பழைய டிஸ்க்குல இருந்து புதுசுக்கு எல்லா டிசைனையும் மாத்திக்கிட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் ஓடணும். அந்த ரூமை மட்டும் விட்டுரு. நான் வீட்டுல பூசையை முடிச்சுட்டு ஓடியாந்துருதேன்."

"சரிண்ணே. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

பூசைப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. பெரிய மெஷின் முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். பூசாரி சத்தம் போட்டார்: "எல்லாத்தையும் அமத்தியாச்சா? அங்கன ஏதோ உறுமுதே!" உறுமியது சர்வர். சீசன் நேரம், சாமிக் குத்தம் ஆகி ஆர்டர் கெட்டுப்போனால் என்ன செய்வது? போனேன். செருப்பைக் கழற்றினேன், அது வரை ஒழுங்கு. நோட்டில் எழுதவில்லை. முறையாக நிறுத்தும் விதம் எனக்குத் தெரியாது, பிளக்கைப் பிடுங்கினேன். உறுமல் நிற்கவில்லை, கரண்ட் போனாலும் சர்வரை ஓட்டும் பேட்டரிப் பெட்டி 'கீ கீ' என்று கத்தியது. அதன் சுவிட்சையும் அணைத்தேன். பெட்டிக்கு மூன்று விரல் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அம்புட்டு அழகாக இருந்தது.

சூடம் மலையேறிய பிறகுதான் அண்ணன் சொன்னது முழுசாக நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் பிளக்கைச் சொருகினேன். சர்வர் 'டக் டக்' என்று பல்லைக் கடித்தது. வேட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்தேன். பிறகு ஒரு வீரன் செய்யக்கூடியதைச் செய்தேன்: மொபெட்டை எடுத்துக்கொண்டு விருதுநகருக்குத் தப்பி ஓடி, நான்கு எண்ணெய் பரோட்டா சாப்பிட்டேன். பயம் வந்தால் சிலருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு அப்படி இல்லை.

மறுநாள் காலை அச்சகமே சர்வர் அறை வாசலில் நின்றது. சாயங்காலம் திரும்பி வந்த அண்ணன் விடிய விடியப் போராடியும் பழைய டிஸ்க் உயிர் பெறவில்லை, புதியது பாதிகூட நிறையவில்லை. அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, நீ உள்ள போனியா?"

"இல்லண்ணே. வாசல்லயே சூடம் காட்டிட்டு வந்துட்டேன்."

ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் கேட்கவில்லை. நேராக முதலாளியிடம் போய், "என் பொறுப்புல இருந்த மெஷின் முதலாளி. பேட்டரியை நான்தான் சரியாப் பாக்கல" என்றார்.

முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கேட்டுல நிக்க வேண்டிய ஆளைக் கொண்டாந்து கம்ப்யூட்டர் முன்னால ஒக்கார வச்சது என் புத்தி. ஒங்களுக்கெல்லாம் வாட்ச்மேன் வேலைதான்யா சரி."

நான் அண்ணனுக்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். ஊரைச் சிரிக்க வைக்கும் இந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அண்ணன் மேலும் பத்து நாட்கள் இருந்து, பழைய காலண்டர்களை ஸ்கேன் செய்து பெரும்பாலான டிசைன்களை மீட்டுக் கொடுத்துவிட்டு வெளியேறினார். நண்பருக்குத் தருவதாகச் சொன்ன வேலையும் இல்லை என்றாகிவிட்டது. அவர் இன்றும் அதே கேட்டில்தான் நிற்கிறார். அடுத்த ஒன்றரை ஆண்டு அண்ணனும் அவரோடு விசில் ஊதினார். நான் அந்த வழியாகப் போகும்போது மொபெட்டை வேறு தெருவில் திருப்புவேன்.

பிறகு மதுரையில் ஒரு கம்பெனியின் சர்வர் பிரிவில் கடைநிலையில் சேர்ந்து, ஐந்தே ஆண்டுகளில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார். ஓய்வு பெற்ற படைவீரர்கள் ஏழு பேரை அங்கே வேலைக்குச் சேர்த்துப் பழக்கினார். அவருடைய உழைப்பைப் பற்றி அந்த ஏழு பேரும் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைச் சொல்லும் தகுதி இல்லை.

இதயம் பழுதாகி மருத்துவமனையில் இருந்தபோது ஒருநாள் மத்தியானம் நானும் அவரும் மட்டும் இருந்தோம். "அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "சொல்லுலே" என்றார். நான் ஒரு ஜோக் சொன்னேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னைத் திட்டி வெளியே அனுப்பினார். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மதுரையிலிருந்து வந்து தோள் கொடுத்த அந்த ஏழு பேருக்கும், கிடைக்க இருந்த வேலை கைநழுவிய பிறகும் அண்ணன் மேல் ஒரு வருத்தமும் வைக்காத கேட் நண்பருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மதினியிடம் வாசித்துக் காட்டினேன். 'உங்க அண்ணனுக்கு எல்லாம் தெரியும் தம்பி' என்று சொல்லித் தேற்றுவார்கள் என்று மனதுக்குள் ஒரு நப்பாசை. மதினி தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"அவுக வேலை போயி வந்த அன்னைக்கு நானும் அதே வார்த்தையச் சொன்னேன் தம்பி. 'ஒங்களுக்கு எதுக்கு இந்தக் கம்ப்யூட்டரு, வாட்ச்மேன் வேலைக்கே போயிருக்கலாம்ல'ன்னு. சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுனாக. இம்புட்டு வருசமும் அவுக தப்புன்னே நெனச்சிருந்தேன். நீங்க என் வீட்டுல ஒக்காந்து சாப்புட்டுக்கிட்டே இருந்தீக."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"ஒரு எழுத்துக்கூட மாத்தாம போடுங்க. அந்த மொதலாளிக்குத் தபால்ல அனுப்பிராதீக. அங்கன எல்லாரும் வேலைக்கு வந்திருக்கிற நேரமாப் பாத்து நீங்களே கொண்டுபோயி, சத்தமா வாசிச்சுட்டு வாங்க. அப்புறம் எங்கிட்ட பேசுங்க."

மலர் அச்சாகி வந்ததும் முதல் கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக்கொள்வேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அச்சகத்துக்குப் போவேன். விருதுநகர்ப் பரோட்டாக் கடை இருக்கும் பக்கம் திரும்பாமல் நேராகப் போக வேண்டும்.