ஐந்து உல்கான்கள்

பேருந்து நிலைய முற்றத்தில், மூச்சு புகையாகப் போகும் குளிரில் நின்றுகொண்டு, கண்ணாடி விரிசல் விட்ட பழைய கைபேசியில் ஒரு பொத்தானை அமுக்கிப் பார்க்கிறாள் சாய்கல். விறைத்த விரலுக்கும் அது கேட்க வேண்டும். “கணப்பு பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா எல்லா இணையப் பக்கமும் நல்லாத்தான் ஓடும்” என்பாள்.

மலை நகரமான நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கேக் போகும் வேன்களுக்கு இருக்கை பதிகிற இணையப் பக்கம் அவள் எழுதியது. வயது நாற்பத்திரண்டு. பிரவுசருக்கு நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டவள். போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளைத் தேநீரில் நனைத்துத் தின்றபடியே தட்டுவதால் விசைகளின் இடுக்கில் எப்போதும் மாவுத் துகள். நிரல் முரண்டு பிடித்தால், “ஏ கழுதை, எங்க போய் நிக்கிற?” என்று அதைத் திட்டுவாள். மனிதர்களைத் திட்டி யாரும் கேட்டதில்லை.

“பக்கத்தை அழகாக் காட்டுறது சுலபம். ஒருத்தர் தொட்டதும் ‘கேட்டுச்சு’ன்னு பதில் சொல்லணும் பாருங்க, அதுலதான் வேலையே இருக்கு” என்றும் சொல்வாள்.

அதையே அவள் ஒருமுறை மறந்துபோனாள்.

சனவரியில் ஒரு காலை. வேன் ஓட்டுநர் கச்கின் பயணிகள் பட்டியலை வாசித்தார். “உல்கான், உல்கான், உல்கான்... என்னய்யா இது, அஞ்சு உல்கானா?” வேனுக்குள் ஒரே ஒரு அம்மாள் கை தூக்கினாள். வெளியே இடம் கிடைக்காத நாலு பேர் மூட்டையோடு நின்றார்கள். அதில் ஒருத்திக்கு மதியம் தேர்வு.

“மக பிரசவத்துக்குப் போறேன் தம்பி. பொத்தானை அமுக்கினேன், ஒண்ணும் அசையல. சீட்டு போயிடுமோன்னு மறுபடி அமுக்கினேன்.”

“அஞ்சு தடவையா?”

“பயந்தவ எண்ணிக்கிட்டா அமுக்குவா?”

எல்லோரும் சிரித்தார்கள். உல்கானின் முகம் சிவந்துவிட்டது.

சத்தம் கேட்டு வந்த சாய்கல் சிரிக்கவில்லை. “தப்பு உங்க மேல இல்லக்கா. சிக்னல் மெதுவா இருந்திருக்கு. பதில் வர்ற வரைக்கும் என் பொத்தான் ஊமையா நின்னிருக்கு.” நாலு பதிவை நீக்கினாள். நின்றிருந்த நாலு பேரும் ஏறிக்கொண்டார்கள். பிறகு வேனின் படியிலேயே உட்கார்ந்து, மடிக்கணினியை முழங்காலில் வைத்து நாலைந்து வரி சேர்த்தாள். இனி முதல் தொடுதலிலேயே பொத்தான் மங்கும். ‘பதிவாகிறது, பொறுங்கள்’ என்று எழுத்து வரும். பதில் வரும்வரை அடுத்த தொடுதல் எதுவும் செல்லாது.

“இவ்வளவுதானா?” என்றார் கச்கின்.

“இவ்வளவுதான் அண்ணே. இதை எழுதாம விட்டேனே.”

உல்கானிடம் கைபேசியை நீட்டினாள். “சும்மா சோதனைக்கு. அமுக்குங்கக்கா.”

“வேண்டாம்மா, இன்னும் அஞ்சு பேரை இறக்கி விட்டுடுவேன்.”

“எத்தனை தடவை வேணாலும் அமுக்குங்க.”

உல்கான் தயங்கித் தயங்கி விரலை வைத்தாள். பிறகு இன்னொரு முறை, இன்னொரு முறை. பொத்தான் மங்கியே நின்றது; பதிவானது ஒன்றுதான். வேன் முழுவதும் எட்டி எட்டித் திரையைப் பார்த்தது. சாய்கல் மட்டும் உல்கானின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவளுக்கு எட்டும்படி கைபேசியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தாள்.