மிளகுச் சாக்கு முடிச்சு

கொல்லிமலையில் குண்டனி நாட்டுப் பக்கம் போய்ப் பொன்னாயி வீடு எது என்று கேட்டால், எந்தப் பொன்னாயி என்று திருப்பிக் கேட்பார்கள். முக்காத் தையல்காரி வீடு என்று கேட்டால் போதும், கையைப் பிடித்து வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவள் எதைத் தைத்தாலும் முக்கால் பங்குதான் தைப்பாள். போர்வை என்றால் மூன்று பக்கம் மூடியிருக்கும், நாலாவது பக்கம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பை என்றால் ஒரு காது இருக்கும், மறு காது இருக்காது. தைத்த மட்டும் சுருட்டி ஒரு மூங்கில் கூடையில் போட்டு, அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் ஏற்றிவிடுவாள். அதோடு அந்தத் துணி புகை குடித்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

அவள் புருசன் சின்னுசாமிக்கு ஒருமுறை சட்டை தைத்தாள். வலது கை வைத்தாயிற்று, இடது கை வைக்கவில்லை. அந்த மனுசன் கேட்டுப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கடைசியில் ஒற்றைக் கைச் சட்டையையே மாட்டிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு இறங்கிவிட்டான். என்னப்பா இது கோலம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வெயில் ஒரு பக்கந்தானுங்க அடிக்குது" என்று பதில் சொன்னானாம். பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காத ஆள்.

பொன்னாயி ஊசி பிடித்ததே ஒரு மழையால்தான். கல்யாணமான புதிதில் புருசனும் பெண்டாட்டியுமாக மிளகு மூட்டையோடு அடிவாரத்துக்கு இறங்கினார்கள். காளப்பநாயக்கன்பட்டியில் பொங்கியண்ணன் என்கிற குடியானவர் வீட்டில்தான் எப்போதும் மிளகு போடுவது. அந்தத் தடவை மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதை வழுக்கல், ஓடையில் வெள்ளம். பொங்கியண்ணன் சம்சாரம் ராசாமணி, மழை விடும்வரை எங்கேயும் நகரக் கூடாது என்று சொல்லிச் சோறு போட்டு வைத்துக்கொண்டாள். சும்மா இருக்க முடியாமல் பொன்னாயி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ராசாமணி இரண்டு பழஞ்சேலைகளுக்கு நடுவில் இலவம்பஞ்சைப் பரப்பி, மேலிருந்து கீழாக நூலோட்டிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஊசியைப் பொன்னாயி கையிலும் கொடுத்தாள். மலைப்பெண்ணின் கை என்று பார்க்காமல், பிசகிய இடத்தையெல்லாம் பொறுமையாகப் பிரித்துக் காட்டினாள். கிளம்பும்போது ஒரு சிவப்புக் கட்டம் போட்ட பழஞ்சேலையையும் ஊசியையும் நூலையும் மடியில் கட்டிவிட்டாள்.

மழை விட்ட அவசரத்தில் ஒன்றை மட்டும் பொன்னாயி கேட்க மறந்துவிட்டாள். தைத்து முடித்த பிறகு நூலை எப்படி நிறுத்துவது? வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்றுதான், மிளகுச் சாக்கின் வாயைக் கட்டுகிற முடிச்சு. மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுக்கு அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இறுகும். வெட்டினால்தான் பிரியும். தையல் தெரிந்தவர்கள் யாரும் துணியில் அந்த முடிச்சைப் போட மாட்டார்கள். பொன்னாயி போட்டாள், நான்கு மூலையிலும் கொட்டைப்பாக்கு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது.

ராசாமணி கொடுத்த சிவப்புக் கட்டச் சேலையில் அவள் தைத்தது, வயிற்றில் இருந்த முதல் குழந்தைக்கான போர்வை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே துணிமணி எதுவும் தயார் செய்து வைக்கக் கூடாது என்பது பெரியவர்கள் பேச்சு. பிள்ளை பிறக்க வேண்டும், பிறகுதான் எல்லாம். அதுவும் புதுத்துணி ஆகாது, பிள்ளைகள் படுத்துப் பழகிய துணியில்தான் முதலில் கிடத்துவார்கள். இது பொன்னாயிக்கும் தெரியும். ஆனாலும் புதிதாகக் கற்ற வேலை, கை நிற்கவில்லை. நாலு பக்கமும் தைத்து முடிச்சும் போட்டுவிட்டாள். மாமியார் வெள்ளையம்மா பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன அவசரம், கண்ணு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெண் குழந்தை பிறந்தது. பனி இறங்கிய மாதத்தில் காய்ச்சல் வந்தது. முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டது. காட்டோரத்துப் பலாமரத்தடியில் புதைத்தார்கள். போர்வை பிறகு கண்ணில் படவில்லை. குழியோடு போயிருக்கும் என்று பொன்னாயி நினைத்துக்கொண்டாள், யாரிடமும் கேட்கவில்லை. மாமியாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் பொன்னாயியால் தாங்க முடியவில்லை. நீதானே அவசரப்பட்டு மூடினாய் என்று கிழவி மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

அடுத்து அர்த்தனாரி பிறந்தான். அவனுக்கு மூன்று பக்கம் மட்டும் தைத்த போர்வையைப் போர்த்தினாள். அவன் பிழைத்தான், வளர்ந்தான், இப்போது ஏணி இல்லாமலே மரமேறி மிளகு பறிக்கிறான். பொன்னாயிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தன் கையால் எதையும் முடித்துவிடக் கூடாது என்று தீர்மானித்துவிட்டாள். ஊசியை விடவும் மனசு வரவில்லை, ராசாமணி ஆசையாகக் கொடுத்த வித்தை அது. அதனால் தொடங்குவாள், நிறுத்திவிடுவாள். ஊர் சிரித்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தக் கேலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவளுக்கு வசதியாக இருந்தது.

இப்படியே இருபது வருசம் ஓடியது. வெளியே எங்கேயோ சண்டை நடந்தது, இங்கே துணிக்குக் கண்ட்ரோல் வந்தது. கையில் காசு இருந்தாலும் கடையில் துணி இல்லை. அந்த வருசத்து மார்கழியில்தான் பொன்னாயியின் கொழுந்தன் செங்கோடன் பெண்டாட்டி ராமாயிக்குப் பிள்ளை பிறந்தது. ராமாயி அதே மலையில் அரியூர் நாட்டுப் பெண், மாமியார் வெள்ளையம்மாவின் சொந்த அண்ணன் மகள். மாமியார் கண்ணை மூடும் முன் பேசி முடித்த சம்பந்தம் அது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே வலி எடுத்துவிட்டது. நாள் நிறையாத குழந்தை, ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. கொல்லிமலைப் பனி பெரியவர்களையே சுருட்டிப் போடும், இந்தச் சிசு என்ன செய்யும்?

செங்கோடன் விடியும்போதே காளப்பநாயக்கன்பட்டிக்கு ஓடினான். கண்ட்ரோல் கடையில் வந்த துணியெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. விசயம் கேள்விப்பட்ட ராசாமணி, தன்னிடம் இருந்த சேலைகளில் ஒன்றில் பாதியைக் கிழித்துக் கொடுத்து அனுப்பினாள். அவள் வீட்டிலும் துணிப் பஞ்சம்தான். அந்தப் பாதிச் சேலையை வாங்கும்போது பொன்னாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

பரணில் இருந்து மூங்கில் கூடை இறங்கியது. உள்ளே பஞ்சுப் போர்வைகள் இருந்தன, ஒன்றுக்கும் நாலாவது பக்கம் இல்லை. இருப்பதில் மெத்தென்றிருந்த ஒன்றை, அர்த்தனாரி படுத்து வளர்ந்ததை, எடுத்துக் குழந்தையைச் சுற்றினாள். இத்தனை வருசம் பரணில் காய்ந்த பஞ்சு சும்மா இருக்குமா? திறந்த பக்கம் வழியாகப் பறக்கத் தொடங்கியது. குழந்தையின் இமையில் பஞ்சு, உதட்டில் பஞ்சு. தும்மல் வந்தது. தும்மக்கூடத் தெம்பில்லாத குழந்தை அது.

அந்த ஒரு பக்கத்தையும் மூடிவிடுங்களேன் என்று செங்கோடன் சொன்னான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்றாள் பொன்னாயி. மறுநாள் கேட்டதற்கு, விளக்கு வைத்தாயிற்று, இனி ஊசியைத் தொடக் கூடாது என்றாள். அதற்கடுத்த நாள் அமாவாசை வந்து கைகொடுத்தது. காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் சாயங்காலம் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. ராமாயி தன் விரல் நுனியால் அதன் மூக்கிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்ததைப் பொன்னாயி பார்த்தாள். ஊசியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். நூல் கோத்தாள். கை நகரவில்லை. மூடாவிட்டால் பனியும் பஞ்சும் குழந்தையைக் கொண்டுபோய்விடும், மூடினால் தன் கை ராசி கொண்டுபோய்விடும் என்று பயந்தாள். போர்வையை எடுத்துவிட்டு, ராசாமணியின் பாதிச் சேலையைக் குழந்தைக்குச் சுற்றி, நெருப்புக் கங்குச் சட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் ராமாயி அவளைக் கூப்பிட்டாள். நூல் போதவில்லையோ, துணி போதவில்லையோ, அக்கா சொல்லக் கூசுகிறாள் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். தான் தலைக்கு வைத்துப் படுத்திருந்த திண்டை எடுத்து நீட்டினாள். கல்யாணத்தின்போது அம்மா வீட்டிலிருந்து மூட்டையோடு வந்தது. இதைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் படுத்த துணிதான், ஆகாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றாள்.

பொன்னாயி வாசல் வெயிலில் உட்கார்ந்து திண்டைப் பிரித்தாள். மேலே முரட்டுத் துணி உறை. அதை உரித்தால் இன்னொரு துணி. அதையும் உரித்தால் உள்ளே ஒரு சின்னப் போர்வை மடித்து வைத்திருந்தது. நைந்து, நிறம் போய், அங்கங்கே கிழிந்திருந்தது. மடிப்புக்குள் மட்டும் சிவப்புக் கட்டம் தெரிந்தது. அவள் கை தானாக மூலைக்குப் போயிற்று. மூன்று சுற்று, அடியில் நுழைந்த நுனி. நான்கு மூலையிலும் இருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு உள்ளே போய், இது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டாள்.

"அத்தைதானுங்க்கா கொண்டாந்து குடுத்துச்சாம்" என்றாள் ராமாயி. "நான் பொறந்து கொஞ்ச நாள்ல எனக்குக் காய்ச்சலாம். பொழைக்காதுன்னு எல்லாருமே சொல்லிட்டாங்களாம். அத்தை இதைத் துவைச்சுக் காய வெச்சுத் தலைமேல வெச்சுக்கிட்டு அரியூர் நாட்டுக்கு நடந்தே வந்துச்சாம். இதுல சுத்தி வெச்சுத்தான் பொழைச்சேனாம். எனக்கப்புறம் தம்பிங்க ரெண்டு பேரு, தங்கச்சி, எல்லாரும் இதுல தூங்கித்தானுங்க வளந்தோம். தையலெல்லாம் போச்சு, இந்த முடிச்சு மட்டும் போவலைன்னு எங்கம்மா சொல்லும்."

பொன்னாயி அந்த நைந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். துக்கம் கொஞ்சம், நன்றிதான் மிச்சம். கிழவி இதைக் குழியில் போடவில்லை. இதை மூடிய கையைக் குறை சொல்லவும் இல்லை. அந்தக் கை தைத்ததை நம்பித் தன் அண்ணன் பிள்ளைக்கே கொண்டுபோய்ச் சுற்றியிருக்கிறாள். சொன்னால் இவள் மனசு புண்படும் என்று சாகும்வரை சொல்லாமலே இருந்திருக்கிறாள். இந்த இருபது வருசமாக அந்த மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோமே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

ராமாயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். யாருக்கும் சொல்லாததை, சின்னுசாமிக்கே சொல்லாததை, முதல் தடவையாகச் சொன்னாள். ராமாயி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையை அவள் மடியில் கிடத்தினாள்.

"இவளுக்கும் அந்த முடிச்சையே போட்டுடுங்க்கா" என்றாள்.

பொன்னாயி போட்டாள். சிவப்புக் கட்டத் துணியைப் பிரிக்காமல் நடுவில் வைத்து, மேலும் கீழும் அர்த்தனாரியின் போர்வைத் துணியைக் கொடுத்து, ராசாமணியின் பாதிச் சேலையால் கரை கட்டி, நாலாவது பக்கத்தையும் மூடினாள். தையல் கோணியது, பிரிக்கவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அதற்கப்புறம் சில நாள் அவள் தூங்கவே இல்லை, குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரைப்பு மெல்ல அடங்கியது. தை பிறந்தபோது குழந்தை பால் குடிக்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. வெள்ளையம்மா என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு கூடைக்கு நல்ல காலம் பிறந்தது. பொன்னாயி ஒவ்வொன்றாக எடுத்து முடித்தாள். துணி இல்லாத வீடுகளுக்குப் போர்வைகள் போயின. பைக்கு மறு காது வந்தது. சின்னுசாமியின் சட்டைக்கு இடது கை வந்தது. அவனுக்குத்தான் அது பழகவில்லை, கொஞ்ச நாள் அந்தக் கையை மடித்துவிட்டுக்கொண்டே திரிந்தான். ராசாமணிக்கென்று ஒரு போர்வையைப் பொன்னாயியே சுமந்து இறங்கினாள். ராசாமணி மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, மிளகு மூட்டையா கட்டியிருக்கிறாய் என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். நூலை நிறுத்தும் முறையைக் காட்டித் தருகிறேன் என்று ஊசியை எடுத்தாள். வேண்டாங்க, எனக்கு இதுவே போதுங்க என்றாள் பொன்னாயி.

மலை ஏறி வரும்போது அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு காட்டோரத்துக்குப் போனாள். அத்தனை வருசமும் அந்தப் பலாமரத்தைப் பார்க்கப் பயந்து வேறு தடத்தில் நடந்தவள், அன்றைக்கு அதன் அடியில் உட்கார்ந்தாள். வேர்ப்பக்கம் உதிர்ந்து கிடந்த சருகைக் கையால் ஒதுக்கினாள்.

"உன்ற துணியில இதோட அஞ்சு புள்ளைங்க தூங்கியிருக்குது, கண்ணு" என்றாள்.

குழந்தையைக் குளிப்பாட்ட நேரமாயிற்று என்று எழுந்து வீட்டுக்குப் போனாள்.