அன்னலட்சுமி அக்கா ஒளித்து வைத்த அட்டை

அன்னலட்சுமி அக்கா யாரையும் இலேசில் நம்பமாட்டாள். காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் எழுதும்போது எட்டிப் பார்த்து, தன் பெயர் விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மலைக்கு ஏறுவாள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடமாட்டாள். கஹவத்தைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஓரறை வீடுகளில், அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். புருஷன் செத்த பிறகு றப்பர் பால் வெட்டி மகள் ஷாமிளாவையும், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவனான தம்பி கிருஷ்ணராஜையும் அவள்தான் ஆளாக்கினாள்.

கிருஷ்ணராஜ் என்னோடு தேயிலைப் பேக்டரியில் வேலை பார்த்தான். 1996இல் ஒருநாள், தனக்குப் பின்னால் யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வருகிறார்கள் என்றான். திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. அக்கா அவனை நாலைந்து தடவை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். எங்களிடம் வயிற்றுவலி என்றாள். மாத்திரையில் தெளிந்தான். தெளிந்ததும் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மனநோய்ப் பிரிவில் கொடுத்த கிளினிக் அட்டையை அக்கா துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். அப்படி ஒன்று இருந்ததே எனக்கு அப்போது தெரியாது.

1998 ஆரம்பத்தில் அவனுக்கு மறுபடியும் வந்துவிட்டது. "செல்லத்துரை அண்ணே, என் பிளேன்டீல என்ன கலந்தீங்க?" என்று ஒருநாள் என்னைக் கேட்டான். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. லீவு நாட்களில் கஹவத்தை பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்து, வந்து போகிற பஸ்களின் நம்பர்களைக் கொப்பியில் எழுதினான். ஒரே பஸ்கள் தன்னைத் தொடர்ந்து வருகின்றன என்பது அவன் எண்ணம். அதற்கு ஆதாரம் சேர்த்தான்.

கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு தமிழ் இளைஞன் பஸ் நம்பர் எழுதினால் ஊர் என்ன நினைக்கும்? யாரோ போய்ச் சொல்ல, பொலிஸ் வந்து பிடித்தது. காம்பராவில் இன்னும் மூன்று கொப்பிகள் அகப்பட்டன. எல்லாம் நம்பர்கள்.

மறுநாள் என்னை விசாரித்தார்கள். "ஒரே பேக்டரி, அவ்வளவுதான். பேச்சுவார்த்தை கிடையாது" என்று சொன்னேன். ஐந்து வருஷம் அவனோடு ஒரே சோத்துப் பெட்டியில் சாப்பிட்டவன் நான். லயத்தில் மற்றவர்களும் என்னைப் போலத்தான். அக்கா தண்ணீர்க் குழாயடிக்கு வந்தால் குடங்கள் விலகிப் போயின.

ரிமாண்டில் போட்ட இடத்துக்கு அவள் வாராவாரம் பஸ் ஏறிப் போனாள். சிறை அதிகாரி ஒருவர் சிங்களத்தில் "ரங்கபானவா" என்றாராம், நடிக்கிறான் என்று. கிருஷ்ணராஜ் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவள் கொண்டுபோன பார்சலைத் தொடாமல், "இத யாரு குடுத்தனுப்புனா?" என்று கேட்டிருக்கிறான்.

"நாந்தான்டா ஆக்குனேன்."

"அக்கா மாதிரியேதான் பேசுறீங்க" என்றானாம் அவன்.

மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து மனநல டாக்டர் அந்தச் சிறைக்கு வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. கூட வரும் ஸுபைதா என்ற நர்ஸ்தான் கேட்டுச் சொல்லவேண்டும். அந்த மிஸ் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஒங்கட தம்பிக்கு முந்தி இப்பிடி ஏதும் வந்தீக்கா? எங்கயாச்சும் மருந்து எடுத்தீக்காரா?"

"இல்லீங்க மிஸ். நல்ல புள்ளைங்க."

"நம்பர் எழுதுறது எப்ப தொடங்கின? யாரோட பழக்கம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா ஷாமிளாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது: "நல்லா பேசுறா. தமிழ்லயே பேசுறா. அதான் பயமா இருக்கு. நாம சொல்றத எழுதி பொலிசுக்குக் குடுக்கத்தான் வச்சிருக்காங்க."

இன்னொரு காரணமும் இருந்தது. ஷாமிளாவுக்குப் புளத்கொகுபிட்டியவில் ஓர் இடம் பேசி முடிவாகியிருந்தது. பைத்தியம் உள்ள குடும்பம் என்று காதில் விழுந்தால் அது நிற்காது. பொய் வழக்கு என்றால் எப்படியாவது ஒருநாள் விட்டுவிடுவார்கள், பைத்தியம் என்று எழுதிவிட்டால் ஆயுசுக்கும் பூட்டிவிடுவார்கள் என்று அக்கா கணக்குப் போட்டாள்.

இரண்டு மாதத்தில் கிருஷ்ணராஜ் எலும்பும் தோலுமாகிவிட்டான். நெற்றியில் தையல் வேறு. வழுக்கி விழுந்தான் என்றார்கள். "எங்க விழுந்த?" என்று அக்கா கேட்டதற்கு அவன் காவலரைத் திரும்பிப் பார்த்தான். அது எப்படி வந்த காயம் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அடுத்த தடவை ஸுபைதா மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. அனுமதி வாங்கி அவனை உள்ளே அழைத்துவந்து, அக்காவின் பார்சலை மேசையில் பிரித்தாள். ரொட்டியும் கட்டைச் சம்பலும். ஒரு துண்டைப் பிய்த்துத் தான் தின்றாள். "நீங்களும் தின்னுங்கோ" என்று அக்காவிடம் நீட்டினாள். இரண்டு பேரும் மென்று விழுங்குவதை அவன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்துக் கையை நீட்டினான். மூன்று ரொட்டி சாப்பிட்டான்.

வாசலில் வைத்து மிஸ் சொன்னாள்: "என்னை நம்ப தேவல்ல. ஆனா இது புதுசா வந்த நோய் இல்ல. பழைய கிளினிக் துண்டு ஒண்டு ஈந்தா டாக்டரும் துணிஞ்சு எழுதுவாரு."

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சண்டை.

"பைத்தியக்கார வீடும்பாங்கடி. ஒன்னோட கல்யாணம் நின்னு போயிரும்."

"இப்ப புலி வீடுங்கிறாங்களே, அது பரவாயில்லயா? மாமாவ உள்ள விட்டுட்டு நான் மால மாத்திக்கணுமா?" என்றாள் ஷாமிளா.

பிறகு பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

அட்டையை எடுத்தாளே தவிர, சந்தேகத்தை விடவில்லை. கஹவத்தையில் இரண்டு போட்டோக் கொப்பி எடுத்து ஒன்றை வழக்குக்குப் பிடித்திருந்த வக்கீலுக்கும் ஒன்றை மிஸ்ஸுக்கும் கொடுத்தாள். மூல அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வழக்கு நாளில் நான் முதல்தடவையாகக் கோட்டுக்குப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மூலத்தைக் கேட்ட எழுத்தரிடம், "ஐயா கையிலதான் குடுப்பேன்" என்று பாதி சிங்களத்தில் சொல்லிவிட்டு அசையாமல் நின்றாள். கோட்டில் ஒரு முணுமுணுப்பு. நீதவான் கையைக் காட்டி அவளை முன்னால் வரச் சொன்னார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொப்பிகளுக்கு இரண்டு வருஷம் முந்திய திகதிகள் அதில் இருந்தன. டாக்டரின் அறிக்கையையும் வாசித்துவிட்டு, மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி கட்டளையிட்டார்.

அங்கே பத்து மாதம் இருந்தான். வழக்கை நடத்த ஆதாரம் போதாது என்று கொழும்பில் சட்டமா அதிபரிடமிருந்து கடிதம் வர, 1999 நடுவில் வீட்டுக்கு விட்டார்கள். மருந்தால் கை கொஞ்சம் நடுங்கியது, பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் அது பழைய கிருஷ்ணராஜ்தான்.

லயம் அவனை அப்படிப் பார்க்கவில்லை. "சும்மா விடுவாங்களா? யாரையோ காட்டிக் குடுத்துட்டுத்தான் வந்திருப்பான்" என்று குழாயடியில் பேசினார்கள். பொலிஸ் அவ்வப்போது வந்து அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போனது. பேக்டரியில் மறுபடி சேர்க்கவில்லை. பக்கத்தில் றப்பர்த் தோட்டம் வைத்திருந்த சிங்களவர் ஒருவர்தான் பால் வெட்ட அவனைக் கூப்பிட்டார். புளத்கொகுபிட்டிய சம்பந்தம் நின்றுபோனது. ஷாமிளா கார்மென்ட் வேலைக்குப் போய், அங்கேயே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். அவன் முதல்முறை வீட்டுக்கு வந்தபோதே, தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்னால், அக்கா தம்பியின் நோய், ஜெயில் இரண்டையும் சொல்லிவிட்டாள். அவன் எழுந்து போகவில்லை.

ஒருநாள் மழைக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒதுங்கியிருந்தபோது, என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்குப் பொலிசுல நான் அவனோட பழக்கமே இல்லைன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். எனக்கு வாசிச்சுக் காட்டுனாங்க."

"அப்புறம் ஏன் எங்கூடப் பேசுனீங்க?"

"பக்கத்துக் காம்பராவாச்சே தம்பி. வேற யாருகூடப் பேசுறது?"

மாதாமாதம் ஊசிக்கு அவளே கூட்டிப்போனாள். ஸுபைதா மிஸ் எங்கோ மாற்றலாகிப் போய்விட்டாள். அவள் பொலிசுக்கு ஏதும் சொன்னாளா என்று அக்கா இப்போதும் சில சமயம் கேட்பாள். இல்லை என்று நான் சொன்னால், "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்பாள்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்த நாளில், கஹவத்தைக் கடைவீதியில் பட்டாசு வெடித்தது. கிருஷ்ணராஜ் அப்போது பாண் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். கூட்டத்தில் யாராவது அவனை அடையாளம் கண்டு கைவைத்துவிடுவார்கள் என்று அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். பேக்கரியில் இல்லை. பஸ் நிலையத்திலும் இல்லை. ஒருத்தரையும் கேட்கவும் பயம். வெடிச் சத்தத்துக்குள் இரண்டு மணி நேரம் தேடிவிட்டு, அழவும் தெம்பில்லாமல் மலை ஏறினோம்.

அவன் சந்தடியைப் பார்த்ததும் றப்பர் காட்டுக் குறுக்குப் பாதையால் அப்போதே வந்து சேர்ந்திருந்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்?" என்று எங்களை அதட்டினான். "கதவத் தெறந்து போட்டுட்டு, இந்த மாதிரி நாள்ல?"

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஏறி இரத்தம் குடித்திருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டாள். "தேத்தண்ணி ஊத்துடா" என்றாள்.