இடது பக்கப் பலகை

அறுபதுகளில் சுரங்க நகரியத்தில் எங்கள் பிளாக்கில் எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆண்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு அசடு வழிவது சகஜம். அப்படிப்பட்ட இடத்தில் எங்கள் வீட்டில் மட்டுமே இருந்த ஒரு பொருள், என் கணவர் செய்த நாற்காலி.

அவர் சுரங்க அலுவலகத்தில் வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் பலகையை ஏலத்தில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்தார். நான் பள்ளிக்கூட டீச்சர். இடது கையால் எழுதுகிறவள். அதற்காகப் பிறந்த வீட்டில் வாங்கிய அடி கொஞ்சமல்ல. இவர் ஒரு நாளும் மாற்றிக்கொள் என்று சொன்னதில்லை. மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்த நான் படும் பாட்டைப் பார்த்து, நாற்காலியின் இடது கைப்பிடியில் ஒரு பலகையைப் பொருத்தினார். வேண்டாதபோது பக்கவாட்டில் தொங்கும். தூக்கினால் தாழ்ப்பாள் இல்லாமலே நிற்கும். அந்தச் சூட்சுமம் அவருடையது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"சொகமா இருக்குதுங்க டீச்சர். வடக்குத்து ஊரு ஆசாரிய இட்டுகினு வந்து அளவெடுத்துக்கட்டுமா?"

"தாராளமா" என்றேன். அவரைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

சில மாதங்களில் ஏழு வீடுகளில் அந்த நாற்காலி. எல்லோரும் வலது கைக்காரர்கள். ஆசாரியோ பலகையை இடது பக்கமே வைத்துக் கொடுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்தான், அவர் எழுதிக் கேட்டிருந்த ஒரு படிவம் கல்கத்தாவிலிருந்த பதிவு அலுவலகத்திலிருந்து வந்தது. புது டிசைனைப் பதிவு செய்தால் அது நம் பெயரில் இருக்கும், கேட்காமல் யாரும் செய்ய முடியாது என்றார். அலுவலகத்தில் அவர் வரைகிற தாள்களில் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். ஒன்றே ஒன்றாவது தன் பெயரில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல் போயிற்று.

படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பதிவுக்கு முன்னாடி டிசைன் வெளியே வந்திருக்கக் கூடாதாம். எத்தனை வீட்ல இருக்கு?"

"ஏழு" என்றேன். "நாம சொல்லாட்டா அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"கையெழுத்துப் போடப்போறது நானாச்சே" என்றார்.

படிவத்தை மடித்து பீரோவில் வைத்தார். பிறகு பலகையைத் தூக்கி நிறுத்தி, என் நோட்டுகளை அதில் அடுக்கினார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. அந்த நாற்காலியையும் கறையான் தின்றுவிட்டது. போன மாதம் நகரியத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு மருமகள் உடம்பைத் திருகிக்கொண்டு இடது பக்கப் பலகையில் வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். நாற்காலி புதுசு.

"வலது பக்கம் வெச்சுக்கலாமேம்மா."

"இந்த நாற்காலின்னாலே இப்படித்தாங்க. யாரு செஞ்சாலும் இடது பக்கந்தான். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். இடது கை தானாகப் போய்ப் பலகையில் படிந்தது. அவரை ஒரு முறை பார்க்க வேண்டும் போலிருந்தது.